சாதனைப் பட்டியலும் விதிப் புத்தகமும்: அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் வினோதக் கணக்குகள்

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் அதிகத் தேசியப் பட்டங்கள் வென்றவர் யார்? கேள்வி எளிமையானதுதான். பதில்தான் ஒன்றாக இல்லை. கார்ல்டன் ஹேசல்ரிக் ஆறு பட்டங்கள் வென்றார். கார்ட்டர் ஸ்டாராச்சி ஐந்து வென்றார். உச்சப் பிரிவில் மட்டும் கணக்கிட்டால் அவருக்கு மேல் யாரும் இல்லை. நான்கு பட்டங்களை முதன்முதலில் எட்டியவர் பேட் ஸ்மித். தோல்வியே காணாத டேனி ஹாட்ஜோ மூன்றோடு நின்றார். ஆனால் அவர் காலத்தில் மூன்றுக்கு மேல் வெல்ல வழியே இருக்கவில்லை. நான்கு பதில்களும் சரியானவை. எந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு என்சிஏஏ. அதன் மல்யுத்தப் போட்டி 1928-இல் தொடங்கியது. அதன் வரலாறு முழுக்க விந்தைச் செய்திகள் இறைந்து கிடக்கின்றன. ஒரு சாம்பியன்கூட இல்லாமல் கோப்பை வென்ற அணி, 180 கிலோவைத் தாண்டிய சாம்பியன், பள்ளியில் மல்யுத்த அணியே இல்லாமல் மாநிலப் பட்டம் வென்ற மாணவர் என்று பட்டியல் நீளும். ரசிகர்கள் இவற்றைத் துணுக்குகளாகச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரு விதி இருக்கிறது: யார் ஆடலாம், எத்தனை ஆண்டு ஆடலாம், எந்த எடையில் ஆடலாம், எதற்கு எத்தனை புள்ளி. இந்த வினோதங்களில் மனித ஆற்றலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறக்குறைய அதே அளவு பங்கு விதிகளுக்கும் உண்டு.

கணக்கே தகராறு

இந்திய வாசகர்களுக்கு சுஷில் குமார், சாக்‌ஷி மாலிக் வழியாகப் பழக்கமானது ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படுவது அதிலிருந்து வேறுபட்ட பாணி. அங்கே அதை ஃபோக்ஸ்டைல் என்பார்கள். எதிராளியைத் தூக்கி வீசுவதைவிடக் கீழே அமுக்கித் தன் பிடியில் வைத்திருப்பதற்கே அதில் மதிப்பு அதிகம். மேலே இருப்பவர் எவ்வளவு நேரம் அமுக்கி வைத்திருந்தார் என்பதைக் கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார்கள். அதில் எதிராளியைவிட ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் இன்றும் ஒரு புள்ளி கிடைக்கும்.

இந்த ஒரு புள்ளி பழங்காலத்தின் மிச்சம். ஆரம்ப ஆண்டுகளில் புள்ளிமுறையே கிடையாது. எதிராளியின் இரு தோள்களையும் விரிப்பில் பதித்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் யார் அதிக நேரம் மேலே இருந்தார் என்பதே தீர்ப்பு. வீழ்த்துவதற்கு இத்தனை, தப்புவதற்கு இத்தனை, கீழிருந்து புரட்டி மேலே வருவதற்கு இத்தனை என்ற புள்ளிமுறையை வகுத்தவர் ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் பயிற்சியாளர் ஆர்ட் கிரிஃபித். 1941-இல் என்சிஏஏ அதை ஏற்றது. அதற்கு முன் வென்றவர்களையும் பின் வென்றவர்களையும் ஒரே பட்டியலில் எழுதுகிறோம். ஆனால் அவர்கள் வென்றது ஏறக்குறைய இரு வேறு விளையாட்டுகளில்.

அணிப் பட்டங்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். முதல் போட்டி அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் நடந்தது. முன்னணியில் நின்றது ஓக்லஹோமா ஏ அண்ட் எம். இன்றைய ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் அதுதான். ஆனால் 1928-இலும் 1931 முதல் 1933 வரையிலும் அதிகாரபூர்வ அணிப் பட்டம் கிடையாது. பின்னாளில் கணக்குப் போட்டுத்தான் இன்னார் வென்றார் என்றார்கள். ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு 34 பட்டங்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. 1928, 1931, 1933 ஆகிய அதிகாரபூர்வமற்ற ஆண்டுகளும் அதில் அடங்கும். 1933-ஐ அயோவா ஸ்டேட்டுடன் பகிர்ந்துகொண்டது. எப்படிக் கணக்கிட்டாலும் அந்தப் பல்கலைக்கழகமே முதலிடம். ஆனால் எண் மாறும்.

அந்த ஆதிக்கத்துக்கு அடித்தளமிட்ட எட் கேலகரே ஒரு வினோதம். அவர் மல்யுத்த வீரராக இருந்தவரல்ல. கால்பந்தும் ஓட்டமும் அவருடைய ஆட்டங்கள், மின்பொறியியல் அவர் படித்த படிப்பு. நெம்புகோல் எங்கே தாங்க வேண்டும், எடை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற பொறியாளரின் பார்வையோடு பிடிகளை ஆராய்ந்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1916 முதல் 1940 வரை பயிற்சியளித்தவரின் அணி, நேருக்கு நேர் மோதல்களில் தோற்றது ஐந்தே முறை.

மூன்று என்னும் வேலி

1990கள்வரை இந்தப் போட்டியில் நான்கு பட்டம் வென்றவர் ஒருவரும் இல்லை. மூன்று வென்றவர்கள் பலர். அவர்கள் யாவரும் நான்காவதில் சறுக்கியவர்கள் அல்லர். 1960களின் பிற்பகுதிவரை பெரும்பாலான ஆண்டுகளில் கல்லூரி முதலாண்டு மாணவர் தேசியப் போட்டியில் ஆடக் கூடாது. படிப்பு நான்கு ஆண்டு, ஆட்டம் மூன்று ஆண்டு.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டேனி ஹாட்ஜ் 1955, 1956, 1957 மூன்று ஆண்டும் 177 பவுண்டுப் பிரிவில் வென்றார். ஆடியவை 46, வென்றவை 46. அவற்றில் 36 ஆட்டங்களை எதிராளியின் தோள்களை விரிப்பில் பதித்தே முடித்தார். கல்லூரிக் காலத்தில் நின்ற நிலையிலிருந்து அவரைக் கீழே தள்ளியவர் எவருமில்லை. 1957 ஏப்ரலில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. மல்யுத்த வீரருக்கு அது அரிதினும் அரிது. ஆண்டின் சிறந்த கல்லூரி மல்யுத்த வீரருக்கான விருது இன்று அவர் பெயரில்தான் தரப்படுகிறது. ஆனாலும் 'அதிகப் பட்டம்' பட்டியலில் அவருக்கு முன்வரிசையில் இடமில்லை.

ஜப்பானிலிருந்து வந்து ஓக்லஹோமா ஸ்டேட்டில் படித்த யோஜிரோ உயேடாக்கேவும் அப்படித்தான். 1964, 1965, 1966 மூன்றிலும் சாம்பியன். கல்லூரியில் தோல்வியே இல்லை. மாணவராக இருந்தபோதே 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காகத் தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோவில் மீண்டும் தங்கம். உலகத்தையே இருமுறை வென்றவருக்கும் கல்லூரிப் பட்டம் மூன்றுக்கு மேல் இல்லை.

பீரி குடும்பத்தின் கதையிலும் மூன்று என்ற எண்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தந்தை ரெக்ஸ் பீரி ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரிக்காக 1933 முதல் 1935 வரை மூன்று பட்டங்கள் வென்றார். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். அவருடைய மூத்த மகன் ஹ்யூ அங்கே 1952, 1953, 1954 பட்டங்களை எடுத்தார். அவர் விட்ட இடத்தில் தொடங்கிய தம்பி எட் 1955, 1956, 1957 பட்டங்களை எடுத்தார். ஒரே வீட்டில் ஒன்பது பட்டங்கள். 1957 போட்டி நடந்ததும் பிட்ஸ்பர்கிலேயே. ஒன்பதாவது பட்டம் சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் கிடைத்தது. கறுப்பின வீரர் ஒருவர் முதல்முறையாக இந்தப் பட்டத்தை வென்றதும் அதே போட்டியில்தான்: அயோவா பல்கலைக்கழகத்தின் சைமன் ராபர்ட்ஸ், 147 பவுண்டுப் பிரிவில்.

வேலியில் ஒருமுறை ஓட்டை விழுந்தது. இரண்டாம் உலகப்போரால் 1943 முதல் 1945 வரை போட்டி நடக்கவில்லை. போர் முடிந்ததும் படைவீரர்கள் கல்லூரிகளுக்குத் திரும்பினார்கள். அந்தச் சூழலில் முதலாண்டு மாணவர்களுக்கும் கதவு திறந்தது. ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் கனரக வீரர் டிக் ஹட்டன் 1947, 1948, 1950 பட்டங்களை வென்றார். இடையில் 1949 இறுதிச் சுற்றில் மின்னசோட்டாவின் வெர்ன் கான்யேயிடம் மயிரிழையில் தோற்றார். அந்த ஓர் ஆட்டம் மட்டும் திரும்பியிருந்தால் முதல் நான்கு பட்ட வீரர் 1950-லேயே கிடைத்திருப்பார். அன்று மோதிய இருவருமே பின்னர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய் வெவ்வேறு அமைப்புகளின் உலகக் கனரகப் பட்டங்களைச் சூடினார்கள்.

1950-இல் நழுவியது 1994-இல் கைகூடியது. ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேட் ஸ்மித் 1990, 1991, 1992, 1994 ஆண்டுகளில் வென்றார். அடுத்து அயோவா ஸ்டேட்டின் கேல் சாண்டர்சன், 1999 முதல் 2002 வரை. ஐவி லீக் கல்லூரிகளில் வீரரை ஓராண்டு ஆடவிடாமல் நிறுத்திவைத்துத் தயார்செய்யும் வழக்கம் இல்லை. அப்படிப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகத்தின் கைல் டேக் 2010 முதல் 2013 வரை இடைவெளியின்றி, ஆண்டுக்கு ஓர் எடைப் பிரிவாக 141, 149, 157, 165 பவுண்டுகளில் நான்கையும் எடுத்தார். 2013-இல் அவரும் பென் ஸ்டேட்டின் டேவிட் டெய்லரும் மோதுவதைக் கடைசி ஆட்டமாக வைக்க வேண்டும் என்பதற்காக, கனரகத்தில் முடியும் வழக்கமான வரிசையையே மாற்றினார்கள். டேக் 5–4 என்று வென்றார்.

181-ஆ, 159-ஆ?

அயோவா ஸ்டேட்டின் டான் கேபிள் 1970-இல் கடைசி ஆண்டு மாணவராக இல்லினாயின் எவன்ஸ்டன் நகருக்கு வந்தபோது, கல்லூரி ஆட்டங்களில் தோல்வி அறியாதவராக இருந்தார். இறுதிச் சுற்றுக்கு முன் தொடர்ந்து 181 வெற்றிகள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இரண்டாமாண்டு மாணவர் லாரி ஓவிங்ஸ் அவரோடு மோத வேண்டும் என்பதற்காகவே 158 பவுண்டுப் பிரிவிலிருந்து 142-க்கு எடையைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார். பள்ளி மாணவராக 1968 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் கேபிளிடம் தோற்றவர் அவர். கேபிளை வெல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது கேபிளின் காதுக்கும் எட்டியது.

ஆட்டம் இரு பக்கமும் மாறிமாறிப் போனது. ஓவிங்ஸ் தொடக்கத்தில் முந்தினார். கேபிள் எட்டிப் பிடித்து மேலே போனார். கடைசி அரை நிமிடத்தில் ஓவிங்ஸ் கேபிளை வீழ்த்தி, அவருடைய முதுகை விரிப்புக்கு நேராகத் திருப்பினார். வீழ்த்தியதற்கும் முதுகைக் காட்ட வைத்ததற்கும் சேர்த்துக் கிடைத்த புள்ளிகள் ஆட்டத்தை முடித்தன: 13–11. போட்டியின் சிறந்த வீரர் விருதும் ஓவிங்ஸுக்கே. அதன் பிறகு அவர் தேசியப் பட்டம் எதையும் வெல்லவில்லை. 1972 ஒலிம்பிக் தேர்வில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது கேபிள் வென்றார்; மியூனிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கமும் பெற்றார்.

கேபிளின் ஒரே கல்லூரித் தோல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 181 என்ற எண்ணை அப்படியே கடந்துவிடுகிறார்கள். அதில் 64 வெற்றிகள் பள்ளிக்கூடத்தில் பெற்றவை, 117 கல்லூரியில். முதலாண்டு மாணவராக அவர் ஆடியவை கணக்கில் இல்லை, ஏனென்றால் அந்த ஆண்டு அவர் அணியில் சேர முடியாது. சாண்டர்சனின் 159–0 முழுக்க முழுக்கக் கல்லூரிக் கணக்கு, அதுவும் நான்கு ஆண்டுக் கணக்கு. அணிக்காக ஆடாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஆண்டின் ஆட்டங்கள் அதில் சேராது. எது பெரிது என்று அயோவாவில் இன்றும் வாதிடுவார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டவை என்பதால் அந்த வாதம் முடிவதில்லை.

கொள்ளைநோய் கொடுத்ததும் எடுத்ததும்

2020 போட்டியை மினியாபொலிஸ் நகரின் பிரம்மாண்டமான கால்பந்து அரங்கில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். கொரோனாவால் மார்ச்சில் ரத்தானது. நடக்காத போட்டிக்கும் பயிற்சியாளர் சங்கம் ஒரு மரியாதைப் பட்டியலை வெளியிட்டது. வழக்கமாக எடைப் பிரிவுக்கு முதல் எட்டு இடம் பெறுபவர்களுக்குக் கிடைக்கும் 'ஆல் அமெரிக்கன்' என்ற தகுதி, அந்த ஆண்டு தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே கிடைத்தது.

அடுத்த பருவத்தை எவருடைய ஆடும் காலத்திலும் கழிக்க மாட்டோம் என்று என்சிஏஏ அறிவித்தது. நான்காண்டு வேலி தற்காலிகமாக ஐந்தாண்டு ஆயிற்று. அந்த இலவச ஆண்டான 2021-இல் முதல் பட்டம் வென்ற பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டாராச்சி, 174 பவுண்டில் நான்கும் 184 பவுண்டில் ஒன்றுமாக 2025-இல் ஐந்தை நிறைவுசெய்தார். 2024-இல் முழங்கால் காயத்தோடு ஒன்பதாம் தரவரிசையில் நுழைந்து வென்றதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் திறமையில் ஐயமில்லை. ஆனால் ஐந்து என்ற எண்ணை எழுத இடம் கொடுத்தது கொள்ளைநோய்.

மறுபக்கம் அயோவாவின் ஸ்பென்சர் லீ. 2018, 2019 பட்டங்களை வென்று 2020-இல் தோற்காமல் வந்துகொண்டிருந்தவருக்குப் போட்டியே இல்லாமல் போனது. 2021-இல் மூன்றாவது பட்டத்தை வென்றபின், இரு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்த நிலையில் ஆடியதாகச் சொன்னார். கூடுதல் ஆண்டைப் பயன்படுத்தி 2023-இல் திரும்பினார். அரையிறுதியில் பர்டூ பல்கலைக்கழகத்தின் மேட் ராமோஸ் அவருடைய தோள்களைத் தரையில் பதித்துவிட்டார். அதே விதிமாற்றம் ஒருவருக்கு ஐந்தாவது பட்டத்தையும் மற்றவருக்குக் கசப்பான விடைபெறுதலையும் கொடுத்தது.

மல்யுத்த வீரர் ஓய்வுபெறும்போது காலணிகளைக் கழற்றி விரிப்பின் நடுவில் விட்டுச்செல்வது மரபு. டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற மின்னசோட்டாவின் கேபிள் ஸ்டீவ்சன் 2022-இல் இரண்டாவது கனரகப் பட்டம் வென்றதும் காலணிகளை விட்டுச்சென்றார். ஆடும் உரிமை இன்னும் மிச்சமிருந்தது. 2025-இல் திரும்பி வந்து, இறுதியில் ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹெண்ட்ரிக்சனிடம் கடைசி நொடிகளில் 5–4 என்று தோற்றார்.

இனி யாரும் தொட முடியாத ஆறு

கார்ல்டன் ஹேசல்ரிக்கின் கதை இவை எல்லாவற்றையும் விஞ்சும். பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரில் அவர் படித்த பள்ளியில் மல்யுத்த அணியே இல்லை. தனி ஒருவராகப் பதிவுசெய்துகொண்டு 1984-இல் மாநிலப் பட்டம் வென்றார். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ்டவுன் கிளையில் சேர்ந்தார். சிறிய கல்லூரிகளுக்கான இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது அது. அந்தக் காலத்தில் சிறு பிரிவுகளின் சாம்பியன்கள் அடுத்து நடக்கும் முதல் பிரிவுப் போட்டியிலும் ஆடலாம். 1987, 1988, 1989 மூன்று ஆண்டும் அவர் முதலில் இரண்டாம் பிரிவுக் கனரகப் பட்டத்தை வென்று, அதே பருவத்தில் முதல் பிரிவுப் பட்டத்தையும் வென்றார். மூன்று ஆண்டுகளில் ஆறு பட்டங்கள்.

அதையடுத்து அந்த வழியை என்சிஏஏ அடைத்துவிட்டது. ஆகவே ஆறு என்பது முறியடிக்க முடியாத சாதனை; யாராலும் முடியாது என்பதால் அல்ல, யாருக்கும் அனுமதியில்லை என்பதால். கால்பந்து அணியே இல்லாத அந்தக் கல்லூரியிலிருந்து அவரைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் தொழில்முறைக் கால்பந்து அணி எடுத்துக்கொண்டது. 1992 பருவத்தில் அனைத்து நட்சத்திர ஆட்டத்துக்கே தேர்வானார். அணியில்லாத பள்ளியிலிருந்து மல்யுத்தம், அணியில்லாத கல்லூரியிலிருந்து கால்பந்து, இரண்டிலும் உச்சம்.

சாம்பியன் இல்லாத சாம்பியன்கள்

2001-இல் அயோவா நகரில் நடந்த போட்டியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பத்து வீரர்களில் ஒருவர்கூட இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஆனாலும் 138.5 புள்ளிகளோடு அணிக் கோப்பை அவர்களுக்கே. சொந்த அரங்கில் ஆடிய அயோவா இரண்டாமிடம்.

எப்படி? இன்றைய கணக்கைப் பார்ப்போம். முதல் இடத்துக்கு 16 புள்ளி, இரண்டாவதற்கு 12, மூன்றாவதற்கு 10, பிறகு 9, 7, 6, 4, 3 என்று எட்டாம் இடம்வரை இறங்கும். பட்டத்துக்கான பக்கத்தில் முன்னேறும் ஒவ்வொரு வெற்றிக்கும் 1. ஒருமுறை தோற்றவர்களின் பக்கத்தில் அரை. தோள்களைப் பதித்து வென்றால் கூடுதலாக 2. இரண்டு மாபெரும் சாம்பியன்கள் எல்லா ஆட்டத்திலும் எதிராளியின் தோள்களைப் பதித்தாலும் அவர்களால் தேறுவது ஏறக்குறைய 60 புள்ளிதான். மின்னசோட்டாவின் பத்துப் பேருமே முதல் எட்டு இடங்களுக்குள் வந்தார்கள். அதற்குமுன் எந்த அணியும் செய்யாதது அது. வெள்ளிக்கிழமை தோற்று மனமுடைந்தவர் சனிக்கிழமை காலை எழுந்து மூன்றாம் இடத்துக்கோ ஏழாம் இடத்துக்கோ ஆட வேண்டும். அந்தக் காலை ஆட்டங்களில்தான் கோப்பைகள் தீர்மானமாகின்றன என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

1988-இல் அரிசோனா ஸ்டேட்டும் ஒரு தனிநபர் சாம்பியனும் இல்லாமல் அணிப் பட்டம் வென்றது. அதன் பயிற்சியாளர் பாபி டக்ளஸ், இந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர். தனிநபர் சாம்பியன் இல்லாமல் வென்ற அவரே பின்னாளில் அயோவா ஸ்டேட்டில் சாண்டர்சனின் 159 வெற்றிகளுக்கும் பயிற்சியாளராக இருந்தார்.

நேர்மாறான விந்தை 2017-இல். பென் ஸ்டேட்டின் ஐந்து பேர் 149, 157, 165, 174, 184 என்று அடுத்தடுத்த ஐந்து எடைப் பிரிவுகளில் வரிசையாகச் சாம்பியன் ஆனார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் சாண்டர்சன். 2011 முதல் 2025 வரை 12 அணிப் பட்டங்களை அங்கே குவித்தவர்.

ஒற்றைப் புள்ளி எவ்வளவு கனமானது என்பதை 1999 காட்டுகிறது. அயோவா 100.5, மின்னசோட்டா 98.5. மின்னசோட்டாவின் கனரக வீரர் அந்த இறுதிச் சுற்றில் பேக்கர்ஸ்ஃபீல்டின் ஸ்டீபன் நீலிடம் 3–2 என்று தோற்றிருந்தார். தோற்றவர் பெயர் பிராக் லெஸ்னர். மறு ஆண்டு பட்டம் வென்று, பிறகு தொலைக்காட்சி மல்யுத்தத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த முகமானார். வென்ற நீல், கல்லூரியில் கால்பந்தே ஆடாமல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் சேர்ந்து மூன்று சூப்பர் பௌல் வெற்றிகளில் பங்குபெற்றார்.

அளவில் மிகச் சிறிய சாம்பியன் 1947-இல் வென்றது. அயோவாவின் மவுண்ட் வெர்னன் என்ற சிற்றூரிலுள்ள கார்னெல் கல்லூரி, பெரும் பல்கலைக்கழகங்களைத் தோற்கடித்துத் தேசியப் பட்டத்தை எடுத்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது அதைவிட மூத்தது. இன்றுவரை முதல் பிரிவு மல்யுத்தப் பட்டம் வென்ற ஒரே தனியார் கல்வி நிறுவனம் இதுதான். ஹட்டனுக்குத் திறந்த, போருக்குப் பிந்தைய அதே கதவு இதற்கும் உதவியது: அணியின் நட்சத்திரங்களில் ஒருவரான லோவெல் லாங்கே, முதலாண்டு மாணவராகவே பட்டம் வென்றார். கல்லூரிகளைப் பெரியது சிறியது என்று பிரிவுகளாக்கும் முறையும் அன்று வந்திருக்கவில்லை.

எடைக்கல் சொல்லும் வரலாறு

கல்லூரி எடைப் பிரிவுகள் பார்ப்பதற்கு விசித்திரமானவை: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 பவுண்டு. முழு எண்களாக வைக்காமல் ஏன் இப்படி? முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டால் விளங்கும்: 118, 126, 134, 142, 150, 158, 167, 177, 190, 275. கனரகம் தவிர ஒவ்வொன்றும் சரியாக ஏழு பவுண்டு கூடியிருக்கிறது.

அந்த ஏழு பவுண்டின் பின்னால் மூன்று மரணங்கள் இருக்கின்றன. 1997 நவம்பரிலும் டிசம்பரிலும், ஐந்தே வாரங்களுக்குள், மூன்று கல்லூரி மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். ரப்பர் உடை, சூடேற்றிய அறை, நீர் அருந்தாமல் உடற்பயிற்சி என்பவையெல்லாம் அதுவரை சாதாரண வழக்கங்கள். என்சிஏஏ ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை விதித்தது. முந்தைய நாளே எடை பார்த்துவிட்டு இரவெல்லாம் உண்டு தேறும் முறையை ஒழித்து, ஆட்டத்துக்குச் சற்று முன்பே எடை பார்க்க வைத்தது. உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று சோதித்து ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை நிர்ணயித்தது. பருவத்தின் நடுவில் தந்த ஏழு பவுண்டுச் சலுகை, மறு பருவத்திலிருந்து புதிய எடைப் பிரிவுகளாக நிலைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலுக்காகத் தகுதி இழந்த சம்பவத்தை மறக்காத நமக்கு, எடை பார்க்கும் நேரமும் முறையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

மறுமுனையில், கனரகத்துக்கு நெடுங்காலம் மேல்வரம்பே இல்லை. அயோவா ஸ்டேட்டின் கிறிஸ் டெய்லர் 400 பவுண்டுக்கு, அதாவது 180 கிலோவுக்கு, மேலான உடம்போடு 1972, 1973 பட்டங்களை வென்றார். மியூனிக்கில் வெண்கலமும் பெற்றார். அதே ஒலிம்பிக்கின் கிரேக்க-ரோமன் பிரிவில் ஜெர்மனியின் வில்ஃபிரீட் டீட்ரிச் அவரை அப்படியே பின்னோக்கித் தூக்கி வீசிய படம் உலகப் புகழ்பெற்றது. 1984-இல் வட கரோலினா ஸ்டேட்டின் டேப் தாக்கரும் 400 பவுண்டைத் தாண்டிய உடம்போடு வென்றார். பிறகு 'போலீஸ் அகாடமி' நகைச்சுவைப் படங்களில் நடித்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் 275 பவுண்டு என்ற வரம்பு வந்தது. அவர்களைப் போன்ற சாம்பியன் இனி வர முடியாது.

எடை என்ற ஒற்றை அளவுகோல் எதைக் காணத் தவறுகிறது என்ற கேள்வியை 2011 எழுப்பியது. பிறவியிலேயே வலது கால் இல்லாத அரிசோனா ஸ்டேட்டின் ஆந்தனி ரோபிள்ஸ், 125 பவுண்டு இறுதியில் நடப்புச் சாம்பியனான அயோவாவின் மேட் மெக்டொனோவை 7–1 என்று வென்றார். அந்தப் பருவத்தில் 36 ஆட்டம், 36 வெற்றி. கால் இல்லாததால் அந்த எடையும் தோளிலும் கையிலும் சேர்ந்து அவருக்குச் சாதகமானது என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு காலில் நின்று ஆடுபவருக்கு அதனால் உண்டாகும் இழப்பை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. விதிக்கு இரண்டும் தெரியாது. தராசு முள் காட்டும் எண் ஒன்றே அதற்குத் தெரியும்.

தேசியப் பட்டத்தின் அருகே வராதவர்களுக்கும் இந்த உலகில் இடமுண்டு. ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரிலுள்ள தேசிய மல்யுத்தப் புகழ்மண்டபத்தில் 1992-இல் நார்மன் போர்லாக் பெயர் சேர்க்கப்பட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய அவர், பிராந்தியப் போட்டியின் அரையிறுதிவரைதான் போனார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனோடு சேர்ந்து இந்தியக் கோதுமை விளைச்சலைத் தலைகீழாக மாற்றிய அதே போர்லாக்தான் இவர்.

புதிய ஏடு

2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தை என்சிஏஏ தன் 91-ஆவது சாம்பியன் போட்டியாக ஏற்று, முதல் போட்டியை 2026-க்கு அறிவித்தது. பெண்கள் ஆடுவது ஆண்களின் ஃபோக்ஸ்டைல் அல்ல, ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைல். அமுக்கி வைத்திருக்கும் நேரத்துக்குப் புள்ளி இல்லை, தப்பிப்பதற்குப் புள்ளி இல்லை, எடைப் பிரிவுகளும் வேறு. ஆண்கள் பக்கத்திலும் 2023–24 பருவத்திலிருந்து எதிராளியை வீழ்த்துவதற்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரப்படுகிறது. 1970-இல் கேபிளும் ஓவிங்ஸும் ஆடிய 13–11 இன்றைய விதியில் அதே எண்களோடு முடிந்திருக்காது.

ஆகவே ஹாட்ஜின் மூன்றும் ஹேசல்ரிக்கின் ஆறும் ஸ்டாராச்சியின் ஐந்தும் ஒன்றையொன்று சிறுமைப்படுத்துவதில்லை. ஒவ்வொருவரும் தம் காலத்தின் விதி அனுமதித்த எல்லைவரை போனவர்கள். நியாயமான ஒப்பீடு வேண்டுமானால், ஒருவர் எத்தனை வென்றார் என்பதோடு எத்தனை வெல்ல அவருக்கு வாய்ப்பிருந்தது என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மூன்றுக்கு மூன்று வென்ற ஹாட்ஜும் உயேடாக்கேவும் பட்டியலின் நடுவிலிருந்து எழுந்து ஸ்டாராச்சிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். சாதனைப் பட்டியலை அச்சிடுகிறவர்கள் பெயருக்கும் எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்க்கலாம்: அந்த ஆண்டு விதி என்ன சொன்னது என்று.